புயலுக்கு முன் எதை எடுத்து வைப்பது? மொய் நோட்டு முதல் தாத்தா படம் வரை ஒரு முழு வழிகாட்டி

2018 நவம்பர் 15 சாயங்காலம் எங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து டிவியைப் போர்வையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினோம். மிக்சி மேலே போனது, கிரைண்டரின் மோட்டார் மேலே போனது, அரிசி மூட்டையும் போனது. வேதாரண்யம் பக்கத்தில் ஓட்டு வீடு. தண்ணீர் வந்தால் தரையில்தானே வரும், மேலே ஏற்றிவிட்டால் போதும் என்று நினைத்தோம். மறுநாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. முதலில் போனது ஓடு. ஓடு போனதும் வீட்டில் முதலில் நனைந்த இடம் பரண்.

பரணில் ஏற்கெனவே ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் மூன்று மொய் நோட்டு, அப்பா சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதங்கள், அப்பாயியின் கூறைப்புடவை. சுவரில் தாத்தாவின் படம். அவருக்கு இருந்தது அந்த ஒரே படம்தான். சாமான்களை ஏற்றும்போது இவை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. டிவி அடுத்த வருஷமே வேறு வாங்கிவிட்டோம். தாத்தா எப்படி இருப்பார் என்று என் தம்பி பிள்ளைகளுக்கு இன்றைக்கும் வாயால்தான் சொல்கிறோம்.

விலையைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்தது ஒரு தவறு. வெள்ளத்துக்குச் செய்வதைப் புயலுக்கும் செய்தது இன்னொன்று. இந்த இரண்டும் யார் வீட்டிலும் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆள்தான் முதல். வெளியேறச் சொன்னால் பை தயாராக இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். பை தயாராக இருந்தால் கிளம்புவது சுலபம், அவ்வளவுதான். பொருளுக்காகத் திரும்பிப்போய் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு புயலிலும் இருக்கிறார்கள்.

முதல் படி: சரஸ்வதி பூஜையன்று உட்காருங்கள்

புயல் சின்னம் உருவான செய்தி வந்தபிறகு யோசித்தால் மனசு ஓடாது. கையில் கிடைத்ததைத்தான் எடுப்போம். மழைக்கு முன்னாலேயே, வெயில் இருக்கும் ஒரு நாளில் முடிவு செய்துவிட வேண்டும்.

அதற்கு நம் வீடுகளில் தயாராகவே ஒரு நாள் இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்கு வீட்டைத் துடைக்கிறோம், பரணை ஒழிக்கிறோம், புத்தகம், பத்திரம், கருவி என்று எல்லாவற்றையும் இறக்கி வைக்கிறோம். பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் வரும் நாள் அது. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எல்லோர் கண்ணிலும் படுவதும் அன்றைக்கு மட்டும்தான். பூஜை முடிந்து பொருள்களைத் திரும்ப உள்ளே வைப்பதற்கு முன்னால் ஒரு நோட்டுடன் உட்காருங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

செய்த ஏற்பாட்டை தீபாவளி முடிந்ததும் கலைத்துவிடாதீர்கள். வர்தா புயல் சென்னையைத் தாக்கியது 2016 டிசம்பர் 12-ல். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே வந்தது 2011 டிசம்பர் 30-ல், மார்கழி பாதியில். பொங்கல் வரைக்கும் பை கட்டியபடியே இருக்கட்டும்.

இரண்டாம் படி: மூன்று குவியல்

ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள். இது போனால் திரும்பக் கிடைக்குமா?

காசு கொடுத்தால் கிடைப்பது முதல் குவியல். டிவி, மிக்சி, கட்டில், பாத்திரம், அன்றாடத் துணிமணி எல்லாம் இதில் சேரும். இவற்றின் விலை நமக்குப் பெரிதாக இருக்கலாம், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி மணி நேரத்தில் இவற்றின் பக்கம் போகக்கூடாது. முந்தைய நாளே முடிந்த அளவு பத்திரப்படுத்திவிட்டு மறந்துவிட வேண்டும். ரொக்கம்கூட ஒருவகையில் இந்தக் குவியல்தான். நனைந்து கிழிந்த நோட்டை வங்கிக் கிளையில் கொடுத்தால், மிச்சமிருக்கும் அளவைப் பொறுத்து முழு மதிப்போ பாதி மதிப்போ தருவார்கள்.

அலைந்தால் கிடைப்பது இரண்டாம் குவியல். பெரும்பாலும் காகிதம். இதிலும் அலைச்சல் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல என்பதால் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசைப்படுத்த வேண்டும். ஆதாரை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கும். ஓட்டுநர் உரிமத்தை டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளலாம். இவை வரிசையின் கடைசியில் போகட்டும். மேலே வரவேண்டியது அசல் கிரயப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம் என்றாலும், வங்கிக் கடன் வாங்கும்போதும் நிலத்தை விற்கும்போதும் அசலைத்தான் கேட்பார்கள். அசல் போனால் காவல் நிலையத்தில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம் என்று மாதக்கணக்கில் நடக்க வேண்டும். அதற்கு அடுத்து மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, காப்பீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட். நகை அடகு ரசீதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதையும் இங்கேயே சேருங்கள்.

2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, நனைந்துபோன பாஸ்போர்ட்டுக்குக் கட்டணமில்லாமல் மாற்று கொடுத்தார்கள். தொலைந்த ஆவணங்களுக்கு அரசு சிறப்பு முகாம்களும் நடத்தியது. பெரிய பேரிடர் என்றால் இப்படிச் செய்வார்கள். உங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் புகுந்தால் முகாம் வராது.

மூன்றாம் குவியல், என்ன செய்தாலும் திரும்பக் கிடைக்காதவை. இந்த வழிகாட்டியே இதற்காகத்தான். பெரும்பாலான வீடுகளில் இந்தக் குவியல் வியப்பாகச் சின்னதாக இருக்கும். பழைய படங்கள், கடிதங்கள், கையால் எழுதிய நோட்டுகள், ஜாதகக் கட்டு, ஒரு கல்யாணப் புடவை, செத்துப்போனவர்களின் கண்ணாடியோ கைக்கடிகாரமோ, குழந்தையின் முதல் சட்டை. எல்லாம் சேர்த்தாலும் ஒரு பள்ளிக்கூடப் பையில் அடங்கிவிடும். அடங்கும் என்று தெரியாததால்தான் நாம் எடுப்பதில்லை.

மொய் நோட்டைப் பற்றித் தனியாக

மொய் நோட்டை யாரும் பொக்கிஷம் என்று சொல்லமாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷத்தில் அந்தத் தொகைக்குக் குறையாமல் திருப்பிச் செய்யவேண்டும். நோட்டு போனால் அந்த உறவு வரிசையே குழம்பிவிடும். பத்தாயிரம் செய்தவருக்கு ஐந்நூறு வைத்துவிட்டு நிற்க நேரும்.

எங்கள் மூன்று நோட்டும் நனைந்து கூழாகிவிட்டன. நாங்கள் யாருக்கு என்ன செய்தோம் என்பது அவரவர் நோட்டில் இருந்தது, சிலரிடம் கேட்டுப் பார்த்துக்கொண்டோம். அவர்கள் எங்களுக்குச் செய்தது எங்கள் நோட்டில் மட்டும்தான் இருந்தது. அதை எந்த வீட்டில் போய்க் கேட்பது? கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். சித்தப்பா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதியதில் பாதிகூடத் தேறவில்லை.

ஆகவே மொய் நோட்டு மூன்றாம் குவியலில் முதல் பொருள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுக்க அரை மணி நேரம் ஆகும். இனி எழுதும் நோட்டில் மைப்பேனா வேண்டாம். பால்பாயின்ட் பேனா எழுத்து தண்ணீரைக் கொஞ்சம் தாங்கும், மைப்பேனா எழுத்து கரைந்து ஓடிவிடும்.

மூன்றாம் படி: ஆளுக்கு ஒன்று, காரணம் கேட்கக்கூடாது

மூன்று குவியலையும் ஒருவரே பிரிக்கக்கூடாது. வீட்டில் யார் குரல் பெரிதோ அவர் பொருள்தான் கடைசியில் பைக்குள் போகும். அதனால் நாங்கள் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு பொருளைச் சொல்லலாம், அது எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. இரண்டு கையால் சுலபமாகத் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

அப்பாயி தன் வெற்றிலைப் பெட்டியைச் சொன்னது. என் மகள் ஒரு காது போன துணி முயலைச் சொன்னாள். அம்மா, பிறந்த வீட்டுப் பேர் வெட்டிய ஒரு சின்னச் சொம்பு. பித்தளைச் சொம்பைத் தண்ணீர் ஒன்றும் செய்யாதே என்று நான் சொல்லவந்தேன், சொல்லவில்லை. அந்தச் சொம்பு வெள்ளத்தில் உருண்டு போனால் அதே பேர் வெட்டிய சொம்பு வேறெங்கே இருக்கிறது?

வயசானவர்களிடம் கேட்கும்போது பொருளோடு சேர்த்துக் கதையையும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய குரூப் போட்டோவில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று அப்பாயிக்கு மட்டும்தான் தெரியும். படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் பேரை எழுதிவையுங்கள். பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இதற்குப் புயல் வரவேண்டிய அவசியமே இல்லை.

தூக்க முடியாதவற்றை விட்டுவிட மனசைத் தயார் செய்யவேண்டியதும் அன்றைக்குத்தான். ஆட்டுக்கல், உரல், பெரிய அண்டா இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. தேக்குத் தொட்டில், பழைய பீரோ போன்றவற்றைச் சுவரோடு கயிற்றால் கட்டிவைப்பதைத் தவிர பெரிதாகச் செய்வதற்கில்லை. தையல் மிஷினில் பிழைப்பு நடத்துபவர்கள், பலகையிலிருந்து மேல்பகுதியை மட்டும் கழற்றிக் கொண்டுபோகலாம். நாகஸ்வரம், தவில் உள்ள வீடுகளில் நான் சொல்லவேண்டியதில்லை, அவர்களே அதைத்தான் முதலில் தூக்குவார்கள். தவிலின் தோல் ஈரக்காற்றிலேயே தளர்ந்துவிடும் என்பதால் அதற்கு உறையின் மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை வேண்டும்.

பூஜை அறைப் பொருள்களில் உலோகம் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். மரத்தாலான உடுக்கை, துணி, ஏடு, குலதெய்வக் கோயில் பிடிமண் இவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்துப் பூசித்தான் அதை வரைகிறார்கள். ஈரம் பட்டால் அந்தப் பூச்சு உப்பி உதிர்ந்துவிடும்.

ஆடுமாடுகளைப் பொருளாக நினைத்துச் சொல்லவில்லை, ஆனால் இங்கே சொல்லாமல் போகமுடியாது. கிளம்பும்போது கட்டவிழ்த்து விட்டுவிடுங்கள். கஜாவில் கட்டுத்தறியிலேயே செத்துக்கிடந்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஓட்டு வீடு, கூரை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு என்றால் ஆபத்து மேலிருந்து வருகிறது. காற்று கூரையைத் தூக்கும், மழை நேராக உள்ளே கொட்டும். பரண் வேண்டவே வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. புயலின் கண் உங்கள் ஊர் மேலாகக் கடந்தால் காற்று கொஞ்ச நேரம் ஓய்ந்துபோகும். முடிந்துவிட்டது என்று பொருள்களை வெளியே எடுக்காதீர்கள். அடுத்து எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றுக்குத் தாங்கிய சுவர் இரண்டாவதற்குத் தாங்கும் என்று சொல்லமுடியாது.

தளம் போட்ட வீட்டின் தரைத்தளம் என்றால் ஆபத்து கீழிருந்து. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் வந்தபோது முடிச்சூர் போன்ற இடங்களில் தரைத்தளமே மூழ்கியது. அங்கே கட்டில்மேல் வைத்ததும் மேஜைமேல் வைத்ததும் ஒன்றுதான். மாடி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைப்பதுதான் வழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்குள் வரவேயில்லை, ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கரையைக் கடந்தது. அதன் மழை மட்டுமே சென்னையை முழுக வைத்தது. அதே மாதம் 18-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, அதற்குப் புயலே தேவைப்படவில்லை. ஆகவே, "புயல் நம்ம ஊருக்கு இல்லை" என்ற செய்தியைக் கேட்டுப் பையைப் பிரித்துவிடாதீர்கள்.

கடலோரம் என்றால் மூன்றாவதாகக் கடல்நீர் ஏற்றம். உப்புத் தண்ணீரோடு சேறும் வரும். அங்கே வீட்டுக்குள் பத்திரமான இடம் என்று ஒன்றைத் தேடவேண்டாம். மூன்றாம் குவியல் முழுக்க வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

மாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு ஜன்னல்தான் கவலை. கண்ணாடி உடைந்தால் மழை பக்கவாட்டில் வரும். ஜன்னல் இல்லாத உள்ளறை, அல்லது இரும்பு பீரோவின் நடுத்தட்டு போதும்.

ஐந்தாம் படி: நகல் எடுப்பது

தாத்தா படத்தை யாராவது ஒருவர் ஒரே ஒரு முறை கைப்பேசியில் எடுத்திருந்தால்கூட இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். கஜாவின்போது வீட்டில் நான்கு கைப்பேசிகள் இருந்தன.

படங்களை நேர் வெயிலில் வைத்து எடுக்காதீர்கள், பளபளப்பு அடிக்கும். திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ, வெளிச்சம் பரவலாக விழும் இடத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பழைய படத்தை வெளியே எடுக்கப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பல வருஷ ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். சுலபமாக வந்தால் எடுங்கள். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதைச் சட்டத்தோடு அப்படியே படமெடுத்து, சட்டத்தோடு அப்படியே பொதிந்துவிடலாம்.

எடுத்தவை மூன்று இடத்தில் இருக்கவேண்டும்: கைப்பேசியில், இணையச் சேமிப்பில், வெளியூரில் இருக்கும் ஒரு உறவுக்காரரிடம் பென்டிரைவில். வெளியூர் என்றால் உண்மையிலேயே வெளியூர். நாகப்பட்டினத்தில் இருப்பவர் திருவாரூர் அத்தையிடம் கொடுப்பதால் பெரிய லாபமில்லை, கஜா அங்கேயும் போனது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

அதே கையோடு வீட்டையும் தோப்பையும் படகையும் வலையையும் படமெடுங்கள். நிவாரணம் கேட்கும்போது என்ன இருந்தது என்று காட்ட இது உதவும். கஜாவில் விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் கணக்கிட்டார்கள். எத்தனை மரம், யார் பேரில் நிலம் என்ற கேள்விகள் அதற்கு முன்னால் வந்தன.

ஆறாம் படி: பொதிவது

அசல் பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கும் என்று நினைத்துப் பலர் செய்கிறார்கள். ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் தண்ணீர் உள்ளே புகும், புகுந்தது வெளியே வராது, உலர்த்தவும் வழியில்லை. தெளிவான பிளாஸ்டிக் கவரில் இரண்டு மூன்றாக வைத்து, காற்றை வெளியேற்றி ஜிப் போடுங்கள். அந்தக் கவரை இன்னொரு கவருக்குள் தலைகீழாக வையுங்கள். இரண்டு வாயும் ஒரே பக்கம் இருக்கக்கூடாது.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஈரம் பட்டதும் ஒட்டிக்கொள்ளும். இடையில் வெள்ளைத் தாள் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். பட்டுப்புடவையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக். அந்துருண்டையை ஜரிகையோடு சேர்த்து வைக்காதீர்கள்.

இவை எல்லாம் பள்ளிக்கூடப் பையில் போகட்டும். கையில் பிடிக்கும் கட்டைப்பை வேண்டாம். குழந்தையையும் அப்பாயியையும் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், பை முதுகில்தான் இருக்கவேண்டும். கட்டி முடித்ததும் முதுகில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பாருங்கள். மூச்சு வாங்கினால் எதையோ அதிகம் வைத்திருக்கிறீர்கள்.

நகை பையில் வேண்டாம். வங்கி லாக்கர் இருந்தால் புரட்டாசியிலேயே கொண்டுபோய் வையுங்கள். இல்லையென்றால் சுருக்குப்பையில் போட்டு உடம்போடு. முகாமில் அதைப்பற்றிப் பேசவேண்டாம்.

பையில் அடங்காமல் வீட்டிலேயே விடவேண்டியவற்றுக்கு, மூடியில் இரும்பு வளையம் போட்டு இறுக்கும் நீல பிளாஸ்டிக் டிரம் நல்லது. இறுக்கமான மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் வாளியும் போதும், மூடியைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டுங்கள். மூடிய டிரம் மிதக்கும் என்பதை மறக்கக்கூடாது. கான்கிரீட் தூணோடு கட்டுங்கள். மரத்தோடு கட்டாதீர்கள், கஜாவில் தென்னந்தோப்பே படுத்துவிட்டது. டிரம்மின் மேல் வீட்டுப் பேர், ஊர், கைப்பேசி எண்ணை அழியாத மார்க்கரில் எழுதுங்கள்.

ஏழாம் படி: கடைசி 72 மணி நேரம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்கு நான்கு கட்டமாக எச்சரிக்கை தருகிறது. சுமார் 72 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் மஞ்சள், 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு, 12 மணி நேரத்துக்கு முன் சிவப்பு. இதோடு உங்கள் வேலையை இணைத்துக்கொள்ளுங்கள்.

முன்னறிவிப்பு வந்ததும் பையைத் திறந்து பட்டியலோடு சரிபாருங்கள், கைப்பேசியில் புதிதாகச் சேர்ந்தவற்றை இணையச் சேமிப்பில் ஏற்றுங்கள். மஞ்சளில், வெளியூருக்கோ மாடி வீட்டுக்கோ போகவேண்டிய பொருள் போய்ச் சேரவேண்டும். அதற்குப் பிறகு பஸ்ஸை நம்பமுடியாது. ஆரஞ்சில் சுவரிலிருந்து படங்களை இறக்குங்கள், டிரம்மைக் கட்டுங்கள், சார்ஜ் போடுங்கள். கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சிவப்பு வந்தபிறகு பொருளைப் பற்றிய எந்த வேலையும் பாக்கி இருக்கக்கூடாது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அது முதன்மையாகக் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் சொல்வது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. அரசின் டிஎன் அலர்ட் செயலியிலும் எச்சரிக்கை வரும்.

நனைந்துவிட்டால்

எவ்வளவு செய்தாலும் ஏதாவது நனையும். நம் ஊர் வெக்கையில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் வரிசை முக்கியம். முதலில் மைப்பேனாக் கடிதங்கள், அடுத்து படங்கள், அடுத்து துணி, கடைசியில் பத்திரங்கள்.

ஸ்டுடியோவில் கழுவிய பழைய படம் சேறாகியிருந்தால், சுத்தமான தண்ணீர் உள்ள தட்டில் மெதுவாக அலசலாம். முகப்பில் விரல் படக்கூடாது, நனைந்த பூச்சு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டு படம் ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், தண்ணீரிலேயே விடுங்கள், பெரும்பாலும் தானாகப் பிரியும். பருத்தித் துணிமேல் முகம் மேலே பார்க்க, நிழலில், காற்றோட்டமாக உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். வீட்டு பிரின்டரில் எடுத்த படத்தை மட்டும் அலசாதீர்கள், நிறம் கரைந்துவிடும்.

நூறு படம் இருக்கிறது, உலர்த்த இடமில்லை, மழையும் விடவில்லை என்றால் என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் இடையில் பாலிதீன் தாள் வைத்து ஜிப் கவரில் போட்டுக் குளிரில் வையுங்கள். ஃப்ரீசர் நல்லது. மின்சாரம் இருக்காது என்பதால், கடலோர ஊர்களில் மீனுக்கு வைத்திருக்கும் ஐஸ் பெட்டி கைகொடுக்கும். கவர் ஐஸ் தண்ணீரில் மூழ்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பூஞ்சை பிடிப்பதைச் சில நாள் தள்ளிப்போடலாம், அதற்குள் மின்சாரம் உள்ள ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். எங்களிடம் இரண்டு ஐஸ் பெட்டி இருந்தது. இப்படிச் செய்யலாம் என்று அப்போது தெரியாது.

கடல்நீரில் நனைந்த பட்டுப்புடவையை நல்ல தண்ணீரில் அலசாமல் உலர்த்தாதீர்கள், உப்பு இழையை அரிக்கும். முறுக்கிப் பிழியவும் கூடாது. பத்திரக் கட்டை விசிறிபோல் விரித்து நிறுத்தி உலரவிடுங்கள், ஈரத்தில் பக்கத்தைப் புரட்டினால் கிழியும். ஓலைச்சுவடி நனைந்தால் நிழலிலேயே, லேசான கனம் வைத்து, வளையாமல் காயவிடவேண்டும்.

பொங்கல் முடிந்ததும் பையைப் பிரியுங்கள். பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்து வேட்டியோடு மட்டும் பீரோவில் வையுங்கள், பிளாஸ்டிக்குள் நாள்கணக்கில் கிடந்தால் ஜரிகை கறுக்கும். படங்களையும் ஒருநாள் நிழலில் காற்றாட விடுங்கள். பட்டியலை மட்டும் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியே வையுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியலில் துணி முயலுக்குக் கீழே போன வருஷம் தம்பி மகன் தன் கையெழுத்தில் ஒன்றைச் சேர்த்திருக்கிறான்: அப்பாயி பேசின பென்டிரைவ்.